மூத்திரப் பானையில் விழுந்த இடி

இடிக் கடவுள் ஜூப்பிட்டர் அன்றைக்கு எதைக் குறி வைத்து எறிந்தாரோ, அது அவருக்கே வெளிச்சம். விழுந்தது மூத்திரப் பானையில்.

ரோமில் இடி விழ இடமா இல்லை? பொன் தகடு வேய்ந்த கோயில்கள் இருக்கின்றன. செனட்டர்களின் பளிங்கு வீடுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றிரண்டின் மேல் விழுந்திருந்தால் ஊரே ஒரு வாய் திராட்சை ரசம் கூடுதலாகக் குடித்திருக்கும். அதையெல்லாம் விட்டுவிட்டு, அவெந்தீன் குன்றின் அடிவாரத்தில், நேவியாவின் சலவைப் பட்டறை வாசலில், போகிறவன் வருகிறவனெல்லாம் பெய்துவிட்டுப் போக வைத்திருந்த வாய் உடைந்த பானையைத் தேடிப் பிடித்து விழுந்தது. பானை சுக்குநூறானது. மழைத் தண்ணீர் கலந்து சரக்கு நீர்த்துப்போகுமே என்று அதை உள்ளே இழுக்க ஓடிவந்த அவள் புருஷன் கெர்தோ, ஒரு செருப்பு கருகி, மறு செருப்பைக் காணாமல், குளத்தின் நடுவே மல்லாந்து கிடந்தான். என்ன குளம் என்று சொல்ல வேண்டியதில்லை.

சரக்கு என்பது சரியான சொல்தான். அந்த ஊரில் வெள்ளையாக இருக்கும் எந்தத் துணியும் அதில் ஊறாமல் வெள்ளையானதில்லை. பானையில் சேர்ந்ததைப் புளிக்கவிட்டுத் தொட்டியில் ஊற்றி, துணியைப் போட்டு, அதற்குள் இறங்கி நாளெல்லாம் மிதிக்க வேண்டும். பிறகு அலசி, கந்தகப் புகை காட்டி, வெள்ளைக் களிமண் தேய்த்தால் பால் மாதிரி வெளுக்கும். நீதிபதி வெளுப்பார், செனட்டர் வெளுப்பார், பூசாரி வெளுப்பார். மிதித்தவன் கால் மட்டும் தோல் உரிந்து சிவந்து கிடக்கும். நேவியாவும் கெர்தோவும் ஒரே எஜமானிடம் அடிமைகளாக மிதித்தவர்கள். அவர் சாகும்போது இருவரையும் விடுதலை செய்து பட்டறையையும் கொடுத்துவிட்டுப் போனார். அன்றிலிருந்து சுதந்திர மனிதர்களாக மிதித்துக்கொண்டிருந்தார்கள்.

நேவியா அலறிக்கொண்டு ஓடினாள். இரண்டடி போவதற்குள் பக்கத்துக் கடை ரொட்டிக்காரன் புக்கோ அவள் கையைப் பிடித்து இழுத்துவிட்டான்.

"தொடாத நேவியா! இடி விழுந்த எடம் சாமிக்குச் சொந்தம்."

"எடம் சொந்தம்னா எடத்த எடுத்துக்கட்டும்யா. என் புருஷன விடு."

"அவனும் அந்த எடத்துலதானே கெடக்கான்?"

அதற்குள் தெரு முழுக்கத் திரும்பி நின்றுவிட்டது. இடி விழுந்த இடத்தை மிதிப்பது மட்டுமல்ல, பார்ப்பதும் குற்றம். கொண்டைக்கடலை விற்கிறவள், கழுதைக்காரன், முடி திருத்துகிறவன், பாதி முடி திருத்தப்பட்டவன் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு பக்தியோடு நின்றார்கள். நேவியாவுக்கு முதுகுகள் புதிதல்ல. அவள் துணி கொண்டுபோய்க் கொடுக்கும் வீடுகளில் எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். ஆனால் அங்கே மூக்கையும் பிடித்திருப்பார்கள்.

கெர்தோவின் நெஞ்சு ஏறி இறங்கியது. அவள் கண்ணால் பார்த்தாள். தெருவில் பார்த்தது அவள் ஒருத்திதான்.

புக்கோ ஓடிப்போய் இடி வாரியத்தை அழைத்து வந்தான். வாரியத்துக்கு வேலை ஒன்றுதான்: விழுந்த இடியைப் பொறுக்கிச் சேர்த்து, விழுந்த இடத்திலேயே புதைத்து, மேலே கல்லை வைப்பது. முதலில் 'நாவடக்கு, நாவடக்கு' என்று கூவிக்கொண்டு ஒரு கட்டியக்காரன் வந்தான். பிறகு கெட்ட சத்தம் எதுவும் காதில் விழாமல் இருக்க விடாமல் ஊதும் குழல்காரன். பிறகு மடக்கு நாற்காலிகள். பிறகு ஒரு வயிறு. வயிற்றுக்குப் பின்னால் வாரியத் தலைவர் லார்த்தியுஸ். அவருக்குப் பின்னால், மாமனார் சிபாரிசில் புதிதாகச் சேர்ந்த விபென்னா, புது அங்கியின் நுனி சேற்றில் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு.

லார்த்தியுஸ் இடி விழுந்த இடத்துக்கு முதுகைக் காட்டி அமர்ந்தார். மூக்கைச் சுருக்கினார்.

"ஏம்மா, ஆடு எங்க?"

"எந்த ஆடு சாமி?"

"ரெண்டு பல்லு மொளச்ச ஆடு. இடி விழுந்தா ஆடு குடுக்கணும். இதுகூடத் தெரியாமயா ரோம்ல குடியிருக்க?"

"சாமி, அவரு மூச்சு விடுறாரு. கொஞ்சம் திரும்பிப் பாருங்க."

"பாக்கக் கூடாதும்மா."

"பாக்காம எப்படி சாமி செத்தாருன்னு சொல்றீங்க?"

"மூச்சு விடுறது ஒடம்போட பழக்கம். பழக்கம் அவ்ளோ சீக்கிரம் போகாது." லார்த்தியுஸ் பரிவோடுதான் சொன்னார். "ஜூப்பிட்டர் எறிஞ்சார். இவன் மேல பட்டுச்சு. பட்டவன் செத்தவன். அவன மொழங்காலுக்கு மேல தூக்கக் கூடாது. குளிப்பாட்டக் கூடாது. அழக் கூடாது. இடியோட சேத்து அங்கேயே பொதைக்கணும். ராஜாக்கள் காலத்துச் சட்டம்."

"உயிரோட இருக்கவரையா?"

"நீ என்ன சொல்ல வர்ற?" லார்த்தியுஸின் குரல் இறங்கியது. "ஜூப்பிட்டர் குறி தப்பிட்டார்னா?"

முதுகுகள் எல்லாம் ஒருமுறை சிலிர்த்தன. நேவியா வாயைத் திறந்து மூடினாள். தப்பினார் என்றால் தெய்வ நிந்தனை. தப்பவில்லை என்றால் புருஷன் பிணம்.

"பானைக்குக் குறி வெச்சிருப்பார் சாமி. பானை ஒடஞ்சிருச்சு. வந்த வேலை முடிஞ்சிருச்சே."

"ஒலகத்தையே ஆளுற ஜூப்பிட்டர் ஒரு மூத்திரப் பானைக்கா குறி வெப்பார்?"

"என் புருஷனுக்கு மட்டும் வெப்பாராக்கும்? இருவது வருஷமா அதே பானைலதான் கெடக்கான்."

பதில் இல்லாத கேள்விகளுக்கு வாரியத்தில் ஒரு முறை இருந்தது. லார்த்தியுஸ் அங்கியின் நுனியை இழுத்துத் தலையை மூடிக்கொண்டார். விபென்னாவும் மூடிக்கொண்டார். குழல்காரன் பலமாக ஊதினான்.

பிறகு வேலை தொடங்கியது. குளத்தைச் சுற்றிக் கம்பளிக் கயிறு கட்டினார்கள். கயிற்றுக்குள் போகிற எதுவும் சாமிக்கு. உள்ளே போகலாம், வெளியே வரக்கூடாது என்று லார்த்தியுஸ் அறிவித்தார். சிதறிய இடியைப் பொறுக்க வேண்டும். விபென்னா முகத்தைத் திருப்பிக்கொண்டு, நீளக் காம்பு வைத்த வெள்ளிக் கரண்டியால் கயிற்றுக்கு வெளியே தெறித்திருந்ததை வழித்து வழித்து உள்ளே விட்டார். எவ்வளவு ஜூப்பிட்டருடையது, எவ்வளவு தெருக்காரர்களுடையது என்று ஒரு விவாதம் நடந்தது. ஒருமுறை இடி பட்டுவிட்டால் அளவு பார்க்கக் கூடாது, முழுவதும் புனிதம் என்று முடிவானது. எங்கெல்லாம் தெறித்ததோ அங்கெல்லாம் புனிதம் என்று லார்த்தியுஸ் சொன்னபோதுதான் புக்கோவுக்கு வியர்த்தது. அவனுடைய ரொட்டித் தட்டு வாசலில்தான் இருந்தது.

"என் பக்கம் ஒரு சொட்டுகூடத் தெறிக்கல சாமி," என்றான். அவன் சட்டைக் கை நனைந்திருந்தது. ரொட்டிகள் துடைத்து அடுக்கப்பட்டிருந்தன. அன்றைக்கே அவை பின்வாசல் வழியாக விற்றும் தீர்ந்தன.

கரண்டி மூன்றாவது முறை உள்ளே சென்றபோது கெர்தோ கண்ணைத் திறந்தான்.

"நேவியா... தண்ணி குடு."

குழல் நின்றது. விபென்னா கரண்டியைக் கீழே போட்டார்.

"சாமி! பேசுறாரு!" என்று நேவியா கத்தினாள். "கேட்டீங்கல்ல? காதால கேக்கலாம்ல? அதுக்குச் சட்டம் இல்லையே?"

லார்த்தியுஸ் விபென்னாவின் காதில் ஏதோ கேட்டார். விபென்னா ஏதோ சொன்னார்.

"முன்னுதாரணம் பாத்தோம்," என்றார் லார்த்தியுஸ். "முன்ன ஒரு மாடு பேசியிருக்கு. செனட்ல ஏத்துக்கிட்டாங்க. அந்த மாட்டுக்கு அரசாங்கச் செலவுல தீனி போட்டாங்க. ஆனா செத்த சலவைக்காரன் பேசினதா எங்கயும் இல்ல."

"அப்ப மாடுன்னே எழுதிக்கங்க சாமி! எனக்கு ஒண்ணும் மனக்குறை இல்ல!"

"மாட்டுக்குக் கொம்பு வேணுமேம்மா."

நேவியா ஒரு ஜாடித் தண்ணீரைக் கயிற்றுக்குள் தள்ளிவிட்டாள். உள்ளே போகலாம் என்பதுதானே சட்டம். கெர்தோ குடித்தான். வலது கால் மரத்துப்போயிருந்தது, எழுந்திருக்க முடியவில்லை. கையை ஊன்றி நகரலாமா என்று பார்த்தான். நான்கு பக்கமும் நின்ற தெருக்காரர்கள், முகத்தைத் திருப்பாமலே, கம்புகளைப் பின்பக்கமாக நீட்டி அவனை உள்ளே தள்ளினார்கள்.

"கோவிச்சுக்காத கெர்தோ," என்று புக்கோ முதுகைக் காட்டியபடி சொன்னான். "நீ வெளிய வந்தா அடுத்த இடி எங்க வீட்டுல விழும். இடியப் பொதைக்கிற வரைக்கும் ஒருத்தனும் கடை தொறக்கக் கூடாதாம். எங்க நெலமையும் பாரு."

"உன் நெலமைக்கென்னடா," என்றான் கெர்தோ. நாக்கு இன்னும் குழறியது. "அந்த ரொட்டியில ஒண்ணு தூக்கிப் போடு."

"அது வேணாம் கெர்தோ," என்றான் புக்கோ சட்டென்று. "வேற தர்றேன்."

ஆட்டை நேவியா தர மறுத்துவிட்டாள். தெருவே சேர்ந்து வாங்கி வந்தது. லார்த்தியுஸ் தலையை மூடிக்கொண்டு, உப்பு மாவைத் தூவி, பழைய மொழியில் அவருக்கே புரியாத மந்திரத்தைச் சொல்லி ஆட்டை அறுத்தார். கையை உள்ளே விட்டு ஈரலை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ரத்தம் வழிந்தது. அந்தக் கையாலேயே, துர்நாற்றம் தாங்காமல், மூக்கைப் பொத்திக்கொண்டார்.

மந்திரம் முடிய இன்னும் ஒரு வரிதான். குழல்காரனுக்கு நாற்றம் குமட்டியது. குழல் 'பீய்' என்று நின்றது. அவன் குனிந்து வாந்தி எடுத்தான்.

குழல் நின்றால் சடங்கு செல்லாது. சடங்கு செல்லாவிட்டால் முதலிலிருந்து. முதலிலிருந்து என்றால் புது ஆடு, புதிதாக வெளுத்த அங்கி. செல்லாத ஆட்டைச் சாமிக்குக் கொடுக்க முடியாது என்பதால் வாரியமே அதைத் தின்று தீர்ப்பது மரபு. தெருமுனையில் அடுப்பு மூட்டினார்கள். தோல்வியடைந்த ஆடு நன்றாக மணத்தது.

லார்த்தியுஸ் ரத்தம் பட்ட அங்கியைக் கழற்றி ஆளிடம் கொடுத்தனுப்பினார். பக்கத்தில் இருந்த பட்டறை நேவியாவுடையது ஒன்றுதான்.

நேவியா அங்கியைக் கையில் வைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"என் புருஷனப் பொதைக்கிறதுக்கு நானே வெளுத்துக் குடுக்கணுமா சாமி?"

"சும்மா இல்ல. கூலி உண்டு." லார்த்தியுஸ் ஒரு எலும்பை உறிஞ்சினார். "கொஞ்சம் கூடத் தீட்டு இருக்கக் கூடாது. சுத்தமான தண்ணில வெளு."

"தண்ணில வெளுக்காது சாமி. இதுவரைக்கும் நீங்க போட்டதெல்லாம் எதுல வெளுத்தோம்னு..."

"அதச் சொல்லாத!" எலும்பு கையிலிருந்து விழுந்தது. "சொன்னா எங்களுக்குத் தெரிஞ்சதா ஆயிடும். தெரிஞ்சுட்டா நாங்க சுத்தம் பண்ணிக்கணும். அதுக்குத் தனியா ஒரு ஆடு."

நேவியா தொட்டியில் இறங்கி மிதித்தாள். மிதிக்க மிதிக்க அவளுக்கு ஒன்று விளங்கியது. இந்த மனிதர்களிடம் கெஞ்சுவதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரு சின்னத் தப்பு நடந்தால் இவர்கள் நின்றுவிடுகிறார்கள். ஒரு ஆள் சாவது தப்பில்லை. குழல் நிற்பது தப்பு. சரி, தப்புத்தானே வேண்டும்?

அங்கி பாலாக வெளுத்தது. முதுகுப் பக்கம், கழுத்துக்குக் கீழே, புளிப்பு மீன் சாறு ஒரு சொட்டு வைத்துக் காயவிட்டாள்.

மறுநாள் சடங்கு பாதியில் இருக்கும்போது விபென்னா பார்த்துவிட்டார். "புள்ளி! புள்ளி!" என்று கத்தினார். சடங்கு செல்லவில்லை. ஆடு தின்னப்பட்டது. அடுத்த முறை எலி கீச்சிட்டது. எலி கீச்சிட்டால் பெரிய பெரிய பதவியேற்பே செல்லாது. பட்டறைக்குள் கூடையில் அடைத்து வைத்திருந்த எலிகளில் ஒன்றின் வாலை நேவியா மிதித்ததை யாரும் பார்க்கவில்லை. அதற்கடுத்த முறை அவள் ஒன்றுமே செய்யவில்லை. லார்த்தியுஸே மந்திரத்தில் ஏப்பம் விட்டார். வரிசையாக ஆடு தின்றால் யாருக்குத்தான் வராது?

இதற்கிடையில் புக்கோவின் நாய் கயிற்றுக்குள் போனது. கெர்தோவின் முகத்தை நக்கியது. காலைத் தூக்கிப் புனிதத்தின் மேல் கொஞ்சம் சேர்த்துவிட்டு, வாலை ஆட்டிக்கொண்டு வெளியே வந்தது. வாரியம் அவசரமாகக் கூடியது. உள்ளே போனது வெளியே வரக்கூடாது. நாய் வெளியே நிற்கிறது. எனவே நாய் உள்ளே போகவில்லை என்று தீர்மானம் ஆனது.

"போச்சு சாமி, நான் பாத்தேன்," என்றாள் கடலைக்காரி.

"பாத்தியா? உள்ள பாத்தியா?" என்றார் லார்த்தியுஸ்.

"இல்ல சாமி, நான் பாக்கல," என்றாள் கடலைக்காரி.

கெர்தோவிடம்தான் நேவியா எதிர்பார்க்காத மாற்றம் தெரிந்தது. கால் கொஞ்சம் கொஞ்சமாக உணர்வுக்கு வந்தது. ஆனால் அவன் வெளியே வருவதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டான். சாமி சொத்துக்கு ஏதாவது போட்டால் புண்ணியம் என்று யாரோ கிளப்பிவிட, தெருக்காரர்கள் முதுகைக் காட்டியபடியே தேன் பணியாரம், அத்திப்பழம், பாலாடைக்கட்டி என்று தோளுக்கு மேலாக உள்ளே எறிந்தார்கள். பிள்ளையில்லாதவள் ஒருத்தி தூரத்தில் நின்று அழுது வேண்டிக்கொண்டாள். கெர்தோ கையைத் தூக்கி அவளுக்கு ஏதோ அருள் மாதிரி காட்டினான்.

"யோவ், என்னய்யா பண்ற?" என்று நேவியா கயிற்றுக்கு வெளியிலிருந்து கேட்டாள்.

"பாவம்டி. பிள்ளை வேணுமாம்."

"நமக்கே இல்ல. நீ குடுக்கப் போறியா?"

அத்திப்பழத்தைக் கடித்துக்கொண்டே கெர்தோ சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

சுற்றுவட்டாரத்தில் இரண்டு பல் ஆடு தீர்ந்துபோனது. வாரியத்துக்கும் ஆட்டுக்கறியைக் கண்டாலே வயிற்றைப் புரட்டியது. லார்த்தியுஸ் புது நாற்காலியில் உட்கார்ந்து (பழையது உடைந்துவிட்டது) அறிவிப்பு செய்தார்:

"ரோமோட பெருமை எதுல இருக்கு? தப்பே இல்லாத சடங்குல இருக்கு. இத்தன நாளா தப்பு வந்துக்கிட்டே இருந்துச்சு. தப்பு ஏன் வருதுன்னு வாரியம் ஆராய்ஞ்சுது. நாம கண்டுபிடிக்கிறதாலதான் வருது. அதனால நாளையிலேர்ந்து வாரியத்தார் அங்கியில இருக்குற புள்ளி, புள்ளி இல்ல. கீச்சிடுற எலி, எலி இல்ல. என் வாயிலேர்ந்து வர்ற எல்லாச் சத்தமும் மந்திரந்தான். நாளைக்குக் கல்லு வெச்சே தீரணும்."

தெரு கைதட்டியது. நேவியாவின் எலிக்கூடைக்கு இனி வேலையில்லை.

"குழி யார் வெட்டுறது சாமி?" என்று விபென்னா மெல்லக் கேட்டார். "உள்ள போனவன் வெளிய வரக் கூடாதே?"

"உள்ள ஏற்கனவே ஆள் இருக்காரே," என்றார் லார்த்தியுஸ்.

மண்வெட்டியைக் கயிற்றுக்குள் எறிந்தார்கள். கெர்தோ அதை எடுத்துப் பார்த்தான். எழுந்து நின்றான். முதல்முறையாக நின்றான். நின்றவன் கயிற்றைத் தாண்டி ஓடவில்லை. வெட்டத் தொடங்கினான்.

நேவியா வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினாள். அவன் தலை நிமிரவில்லை. நல்ல வேலைக்காரன் அவன். எது சொன்னாலும் ஒழுங்காகச் செய்வான். ஓரங்களைச் செதுக்கி நேராக்கினான்.

மறுநாள் காலை கடைசி ஆடு வந்தது. கல்லும் வந்தது, மாட்டு வண்டியில், 'இங்கே இடி அடக்கம்' என்று செதுக்கியபடி. உருளைக் கட்டைகளின் மேல் அதை ஏற்றிக் கம்பால் நெம்பித் தள்ள ஆட்கள் முதுகைக் காட்டித் தயாராக நின்றார்கள். குழல் தொடங்கியது. லார்த்தியுஸ் தலையை மூடினார். விபென்னா மூடினார். தெருவில் ஆண்கள் எல்லோரும் அங்கியால், பெண்கள் முக்காட்டால், கண் வரைக்கும் இழுத்து மூடிக்கொண்டார்கள். கெட்ட சகுனம் கண்ணில் பட்டுவிடக் கூடாதே.

அத்தனை பேரும் மூடிய பிறகு, நேவியா குனிந்து கயிற்றுக்கு அடியில் நுழைந்தாள்.

கெர்தோ முழங்கால் ஆழக் குழிக்குள் உட்கார்ந்திருந்தான். மடியில் தேன் பணியாரம்.

"வாய்யா."

"நீ ஏன்டி உள்ள வந்த? தீட்டு!"

"வாய்யான்னா."

"வேணாம் நேவியா. நான் சாமி சொத்து."

"சாமி சொத்தா? உன் சொத்தே எங்கிட்ட இருக்குற ரெண்டு சட்டைதான்யா. இங்க உக்காந்து என்ன கண்ட?"

"இருவது வருஷம் மிதிச்சேன்," என்றான் கெர்தோ. "ஒருத்தன் என்னை ஏறெடுத்துப் பாத்தானா? இப்ப பாரு. என்னைப் பாக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டு ஊரே திரும்பி நிக்குது."

"ரெண்டும் பாக்காததுதான்யா."

"ரெண்டும் ஒண்ணில்லடி."

"மேல கல்லு வெச்சப்புறம் ஒண்ணுதான். இவனுங்களுக்கு நீ உயிரோட இருந்தா மூத்திரக்காரன். செத்தாத்தான் சாமி. எனக்கு நீ மூத்திரக்காரனாவே வேணும். வா."

அவன் மாட்டேன் என்று தலையை ஆட்டினான். நேவியா அவனுடைய இரண்டு கணுக்கால்களையும் பிடித்தாள். நனைந்த கம்பளியைத் தொட்டியிலிருந்து இழுத்துப் பழகிய கைகள். குழியின் விளிம்பை அவன் பற்றிக்கொண்டான். லார்த்தியுஸ் மந்திரத்தின் கடைசி வரிகளுக்கு வந்துவிட்டார். கட்டியக்காரன் சைகை செய்தான். கட்டைகளின் மேல் கல் உருளும் சத்தம் கரகரவென்று கிளம்பியது.

அந்தச் சத்தம் கேட்டதும் சாமி சொத்துக்குக் கை தளர்ந்தது.

முழங்காலுக்கு மேல் தூக்காமல் தரையோடு தரையாக இழுத்துக்கொண்டு போனாள். சட்டத்தை மதித்து அல்ல. அவளால் தூக்க முடியவில்லை. கயிற்றைத் தாண்டி, பட்டறை வாசற்படியில் அவன் தலை இடித்து, "ஐயோ" என்றான். அந்த "ஐயோ" குழல் சத்தத்துக்கும் மேலே கேட்டது.

விபென்னாவின் முக்காடு கொஞ்சம் விலகியது. ஒரு கண் தெரிந்தது. அந்தக் கண் நேவியாவைப் பார்த்தது. அவள் கையிலிருந்த கால்களைப் பார்த்தது. வெறும் குழியைப் பார்த்தது. சொன்னால் பார்த்ததாக ஆகும். பார்த்ததாக ஆனால் பதவி போகும். பதவி போனால் மாமனார் என்ன சொல்வார்? கண் மெதுவாக மூடிக்கொண்டது. முக்காடு இறங்கியது.

கல் தொம்மென்று விழுந்தது. மூத்திரம், பானை ஓடு, ஒரு கருகிய செருப்பு, ஒரு தேன் பணியாரம் இவற்றின் மேல்.

"ஒரு தப்பு இல்ல!" லார்த்தியுஸ் கண் கலங்கினார். "இத்தன வருஷத்துல இப்படி ஒரு சுத்தமான சடங்க நான் பண்ணதில்ல. ரோம் பொழச்சுது." கடலைக்காரி ஓடிவந்து கல்லின் மேல் விழுந்து முத்தமிட்டாள். அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. கல்லின் ஓரங்களில் ஈரம் கசிந்துகொண்டிருந்தது. நெற்றியில் தொட்டு வைத்துக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்து லார்த்தியுஸே பட்டறைக்கு வந்தார். செனட்டர்கள் வரும் விழா ஒன்றில் வாரியம் ஊர்வலம் போகிறது. அவசரமாக அங்கி வேண்டும். வழக்கமாக ஆளை அனுப்புகிறவர், கல்லைத் தரிசித்துவிட்டு அப்படியே வந்தார்.

வெளுத்த அங்கி ஆணியில் தொங்கியது. பக்கத்துத் தொட்டியில், முழங்கால் வரை சரக்கில் நின்று, கெர்தோ மிதித்துக்கொண்டிருந்தான்.

லார்த்தியுஸ் நின்றுவிட்டார்.

"யாரும்மா இது?"

"என் புருஷன் சாமி."

"உன் புருஷனப் பொதைச்சாச்சே."

"அப்ப இது யாரு?"

லார்த்தியுஸ் கெர்தோவைப் பார்த்தார். "கும்புடுறேன் சாமி," என்றான் கெர்தோ. லார்த்தியுஸ் அவசரமாகச் சுவரைப் பார்த்தார்.

"அது எங்க வாரியத்துல வராதும்மா. எங்க வேலை பொதைக்கிறதோட சரி." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. நீ இப்ப விதவை. விதவை வீட்டுல அந்நிய ஆம்பள நிக்கிறது நல்லா இல்ல. இடி விழுந்து செத்தவனுக்குத் துக்கம் காக்கக் கூடாதுங்கிறதால நீ ஒடனே மறுகல்யாணம் பண்ணிக்கலாம். இந்த ஆளையே பண்ணிக்க. எனக்கு ஆட்சேபணை இல்ல. சகுனம் பாக்க ஒரு ஆடு மட்டும்..."

நேவியா ஆணியிலிருந்து அங்கியை எடுத்தாள். தொட்டிக்குள் போட்டாள். இரண்டு நாள் புளித்த தொட்டி.

"யோவ், மிதி."

கெர்தோ அவளைப் பார்த்தான். லார்த்தியுஸைப் பார்த்தான். பிறகு முகம் மலர்ந்து மிதித்தான். சளக், சளக் என்று மஞ்சளாக நுரைத்தது.

"என்னம்மா பண்ற! என் அங்கி! ஊர்வலம்!"

"என்ன ஆச்சு சாமி?"

"அவன்... அங்கிய மிதிக்கிறான்!"

"யாரு சாமி மிதிக்கிறா?"

லார்த்தியுஸ் வாயைத் திறந்தார். கெர்தோ என்று சொன்னால் கெர்தோ உயிரோடு இருக்கிறான். இருந்தால் கல்லுக்கு அடியில் யாரும் இல்லை. இல்லையென்றால் சடங்கு செல்லாது, ரோம் பிழைக்கவில்லை, ஜூப்பிட்டர் குறி தப்பிவிட்டார். வாய் மூடிக்கொண்டது.

நேவியா அங்கியைத் தூக்கினாள். பிழியவில்லை. நுனிகளிலிருந்து தாரை தாரையாக ஊற்றியது. இரண்டு கையாலும் மரியாதையாக நீட்டினாள்.

"தொட்டில ஆளே இல்ல சாமி. ஆள் இல்லாம துணி எப்படி நனையும்? காஞ்சுதான் இருக்கு. போட்டுக்கங்க. நேரமாச்சுல்ல?"

வெளியே வாரியத்தார் கூப்பிட்டார்கள். குழல் ஆரம்பித்துவிட்டது. லார்த்தியுஸ் அங்கியை வாங்கினார். தோளில் போட்டுக்கொண்டார். வழக்கப்படி நுனியை இழுத்துத் தலையையும் மூடிக்கொண்டார். நெற்றியில் வழிந்தது, மூக்கில் வழிந்தது, வாயோரம் வழிந்தது. அவர் துடைக்கவில்லை. துடைத்தால் நனைந்ததாக ஆகும்.

தெருவில் இறங்கி ஊர்வலத்தின் முன்னால் நடந்தார். சொட்டச் சொட்ட, நிமிர்ந்து. ஒருவரும் மூக்கைப் பிடிக்கவில்லை. புக்கோ ரொட்டித் தட்டைக் கீழே வைத்துவிட்டு மண்டியிட்டு, அவர் கடந்துபோகும்போது அங்கியின் நுனியை எடுத்து முத்தமிட்டான்.